இனிகோ மகளுக்கு என் ஈரல்

எந்தம்பி இனிகோ துறைமுகத்துல கிரேன் ஓட்டுதான். இருபது டன் பெட்டியைக் கப்பல்ல இருந்து தூக்கி அலுங்காம லாரியில வைப்பான். அவனுக்கு எங்க தாய்மாமன் மகள் ரீனாவைக் கட்டி வச்சது நாந்தான். நெருங்கின சொந்தமாச்சேன்னு சர்ச் சாமியார் இழுத்தாரு. விடுவேனா? பிஷப்பைப் பார்க்க ஆயர் இல்லத்துக்கு நடையா நடந்து அனுமதி வாங்கிட்டேன்.

அவங்க மகள் ஜெசிந்தா ரெண்டு வயசுலயே மேலெல்லாம் சொறிவா. கண்ணு மஞ்சளாகும். காமாலைதானேன்னு கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலக்கிக் கொடுத்ததும் இந்த மகராசிதான். ஏழு வயசுல ரத்தமா வாந்தி எடுத்தப்பதான் மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

டாக்டரம்மா இனிகோவுக்கு அவன் தொழிலை வச்சே சொன்னாங்க. "ஈரல் செல்லோட சவ்வுல ஒரு புரதம் இருக்கு, உங்க கிரேன் மாதிரி. ஏடிபிங்கிற எரிபொருளைச் செலவழிச்சு, பாஸ்போலிப்பிடுங்கிற கொழுப்பைச் சவ்வோட உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கம் தள்ளும். அது பித்தநீரோட கலந்தாத்தான் பித்தம் குழாயை அரிக்காது. இவளுக்கு அந்தப் புரதம் வேலை செய்யல."

"டீசல் இல்லையா டாக்டர்?"னு கேட்டான் பாவி.

"டீசல் இருக்கு. கிரேன்தான் பழுது. ஈரலையே மாத்தணும்."

பழுதான ஜீன் அப்பன்கிட்ட ஒண்ணு, ஆத்தாகிட்ட ஒண்ணாம். சொந்தத்துல கட்டினா ரெண்டும் சேர வாய்ப்பு அதிகமாம். நான் அங்கனயே செத்திருக்கக் கூடாதா?

அப்பன் ரத்தம் ஏ, ஆத்தா பி, பிள்ளைக்கு ஓ. ஓ-வுக்கு ஓ-தான் சேருமாம். எனக்கும் ஓ. என் ஈரலை அறுத்துக்கோங்கன்னேன். ஸ்கேன் எடுத்தா, ஈரல் முழுக்கக் கொழுப்பு! அவளுக்குப் போகவேண்டிய இடத்துக்குப் போகல, எனக்கு வேண்டாத இடத்துல குமிஞ்சு கிடக்கு. மூணு மாசத்துல பன்னிரண்டு கிலோ குறைக்கணும்னாங்க.

எண்ணெயை விட்டேன், சோத்தை விட்டேன். காலையும் சாயங்காலமும் கடற்கரை ரோட்டுல நடந்தேன். "ஏளா பிளாரன்ஸ், மறுபடி கல்யாணப் பொண்ணு ஆகப்போறியா?"ன்னு மீன்காரி கேலி பண்ணுதா. பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தேன். பதிமூணு கிலோ குறைஞ்சுது.

"இப்போ உங்க ஈரல் நல்லாயிருக்கு"ன்னாங்க டாக்டரம்மா. ஆனா முகத்தை நிமித்தல. அதுக்குள்ள ரத்தத்துல கிருமி பரவி, பிள்ளையோட இருதயத்தையும் பிடிச்சிட்டாம். ஆப்பரேசன் தாங்கமாட்டாளாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க.

இனிகோ லீவு போடல. கிரேன் மேல ஏறிட்டா யாரும் பார்க்காம அழலாமாம்.

நேத்து ஜெசிந்தா என் கையைப் பிடிச்சுப் பார்த்தா. "அத்தே, இளைச்சு அழகாயிட்டே. எனக்காகத்தானே?"

"ஆமா கண்ணு."

"அப்போ எனக்கு எப்போ தருவே?"ங்கா.