பீன்ஸ் இல்லாத புரிட்டோ

துபாய் அல் குசைஸில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே உள்ள கடையில் புரிட்டோ சுருட்டுபவர் அவர். ஒல்லியான ஆள், கையுறைக்குள் அடங்காத பெரிய விரல்கள். மெல்லிய ரொட்டியில் சோறும் கோழியும் பீன்ஸும் வைத்துச் சுருட்டியதும், கொடுப்பதற்கு முன் ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்ப்பார்.

முதல் நாள் என் முகத்தைப் பார்த்து, “அண்ணே, ஊரு எந்தப் பக்கம்?” என்றார். பக்கத்தில் என் மேனேஜர் நின்றிருந்தார். அவர் முன்னால் அந்த ‘அண்ணே’ எனக்குக் கூச்சமாக இருந்தது. “பம்பாய், பாய்” என்று இந்தியில் சொன்னேன்.

“அச்சா, சாப்” என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் இந்திதான்.

போன வாரம் வரிசையில் நின்றபடி மனைவியிடம் போனில், “இந்த பீன்ஸத் தின்னாலே வயிறு பொருமுது” என்றேன், தமிழில், என்னை மறந்து.

என் முறை வந்தது. அவர் பீன்ஸ் கரண்டியைத் தொடவே இல்லை. சோற்றை இன்னொரு கரண்டி அள்ளி வைத்துச் சுருட்டி, சூடு பார்த்து நீட்டினார்.

“பீன்ஸ் மாஃபி, சாப்.” ‘இல்லை’ என்பதற்கு இங்கே எல்லோர் வாயிலும் வரும் அரபிச் சொல்.

முகத்தில் கேலி இல்லை. நான் தமிழன் என்று எத்தனை நாளாகத் தெரியுமோ! மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எந்த மொழியில் கேட்பதென்று தெரியவில்லை.

அதற்குள் எனக்குப் பின்னால் நின்றவரிடம் அவர் திரும்பியிருந்தார்.

“உங்களுக்கு என்னண்ணே?”