தங்கையின் தலையை நேராக்கிய சனிக்கிழமை

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை இன்றைக்கும் சிரிப்பதற்காகத்தான் சொல்கிறார்கள். பிறந்தநாளோ கலியாணமோ, எங்கே நாலு பேர் கூடினாலும், சாப்பிட்டு முடிந்த கையோடு யாராவது ஆரம்பித்துவைப்பார்கள். அம்மா கையைத் தட்டித் தட்டிச் சொல்லுவார். வருசத்துக்கு வருசம் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டன. நான் எழும்பிக் குசினிக்குள், அடுப்படிப் பக்கம், போய்விடுவேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரில் இருந்தோம். யூரோ வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பதினொரு வயது. இரண்டு தெரு தள்ளிச் சித்தி வீடு. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தார். அங்கே சமையலறையில் வேலை செய்த கானா நாட்டுக்காரரை விரும்பிக் கலியாணம் செய்துகொண்டார். அதற்காக அம்மா இரண்டு வருடம் சித்தியோடு பேசவில்லை. பிள்ளை பிறந்ததும் பேசினார். ஆனாலும் சித்தப்பாவை முகத்துக்கு முன்னால் ‘தம்பி’ என்றும் முதுகுக்குப் பின்னால், கறுப்பர்களை இழித்துச் சொல்கிற ‘காப்பிலி’ என்றும்தான் சொல்லுவார். பஸ்ஸில் எங்களைக் கண்டு இருக்கை மாறி உட்காருகிற வெள்ளைக்காரக் கிழவிகளை நினைத்து வீட்டுக்கு வந்து அழுகிற அதே அம்மாதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எங்கள் சனத்துக்குத் தனக்கு வந்த பிறகும் அடுத்தவனுடையது தெரிவதில்லை.

சித்தியின் மகளுக்கு, அதாவது என் தங்கைக்கு, ஏழு வயது. அவளுக்குத் தகப்பனுடைய முடி. அடர்த்தியான சின்னச் சின்னச் சுருள். நனைத்து இழுத்தால் தோளைத் தொடும், விட்டால் காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் சித்தப்பா சோபாவில் இருப்பார். அவள் கீழே ஒரு தலையணையில், அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் இருப்பாள். வானொலியில் பந்தாட்டம் போகும். முதலில் போத்தலால் தண்ணீர் பீச்சித் தலையை நனைப்பார். கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுவார். தலையை நாலாகப் பிரித்து, மூன்று பங்கைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் விரலாலும் அகலப்பல் சீப்பாலும் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மேலே போவார். சிக்கு இறுகினால் அதற்கு மேலே முடியை மற்றக் கையால் பிடித்துக்கொள்வார், இழுவை மண்டைக்குப் போகக்கூடாது என்று. கடைசியில் தன் ஊரிலிருந்து வருகிற ஷியாக் கொட்டை வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கித் தடவி, மண்டையோடு ஒட்டிய மெல்லிய பின்னல்களாகப் பின்னுவார். எல்லாமாக மூன்று மணித்தியாலம். மூன்று அக்காமாருக்குப் பின்னிப் பழகிய கையாம்.

நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். என் தலையை அம்மா இழுத்துவிட ஐந்து நிமிடம் போதும். தேங்காய் எண்ணெயை அப்பி, உச்சியிலிருந்து கீழே ஒரே இழுவை. “ஆட்டாதை” என்று ஒரு குட்டு. ஓர் ஆம்பிளை பெட்டைப்பிள்ளைக்குத் தலை இழுக்கிறான் என்று அப்பா பகிடி பண்ணும்போது நானும் சேர்ந்து சிரித்தேன். பொறாமை என்று அதற்குப் பெயர் சொல்ல எனக்கு அப்போது தெரியாது. இருந்தது அதுதான்.

அந்த வருடம் என் அக்கா வயதுக்கு வந்து பெரியபிள்ளையானார். சாமத்தியவீட்டுச் சடங்குக்கு ஹோல் பிடித்தாயிற்று, வீடியோக்காரரும் பிடித்தாயிற்று. எங்கள் கொண்டாட்டங்களில் சாமிக்கு அடுத்தது வீடியோ, சில வீடுகளில் சாமிக்கும் முன்னால். லண்டனுக்கும் கனடாவுக்கும் வீடியோக் கொப்பி போகும், அங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறை சொல்லுவார்கள். அக்காவுக்கு முன்னால் ஏழு சிறுமிகள் ஒரே நிறப் பாவாடை சட்டையில் தட்டம் ஏந்தி வரவேண்டும் என்பது அம்மாவின் திட்டம். ஏழு பேருக்கும் இடுப்பு வரைக்கும் ஒட்டுமுடி வைத்த பின்னல், அதன்மேல் பூச்சரம். ஏழாவது ஆள் தங்கை.

“இந்தத் தலையில ஒட்டுமுடி நிக்காது” என்று அம்மா முகத்தைச் சுழித்தார். சித்தப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க மினக்கெட்டு, பின்னல்களை நெற்றியிலிருந்து வளைத்துக் கொண்டுபோய், பின்னால் ஒரு கொண்டையாகச் சுற்றி, கடதாசிப் பூச்சரம் வைத்து, தங்கையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். நான் கண்ட தலைகளிலேயே வடிவான தலை அது. அக்கா தனக்கும் அப்படி வேண்டும் என்றார். அம்மா “ஓம், ஓம், நல்லாத்தானிருக்கு” என்றார். அம்மா இரண்டு ஓம் போட்டால் அது இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அந்த மனுசனுக்குத் தெரியாது.

விழா ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் காலை, டுசல்டோர்ஃப் நகருக்குப் போய் மணவறைச் சோடினைச் சாமான்களை எடுத்துவரும்படி அம்மா சித்தப்பாவைக் கேட்டார். வான் வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். சித்தி வேலைக்குப் போயிருந்தபடியால் அவர் தங்கையை எங்கள் வீட்டில் விட வந்தார். தண்ணீர்ப் போத்தல், சீப்பு, கிளிப்புகள் எல்லாம் போட்ட ஒரு பையும் கொண்டுவந்தார். கழுவிச் சிக்கெடுத்தால் மட்டும் போதும், பின்னேரம் வந்து தான் பின்னுவதாக என்னிடம் டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், சொன்னார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அது போதாதென்று தன்னுடைய தமிழில் அம்மாவிடமே சொன்னார்.

“அக்கா, முதல் தண்ணி. பிறகு நுனி. மேலயிருந்து இழுக்க வேண்டாம்.”

“நீங்கள் யோசிக்காமல் போட்டு வாங்கோ தம்பி, நான் பாக்கிறன்” என்றார் அம்மா.

சித்தப்பாவின் வான் தெருமுனை திரும்பியிருக்காது. அம்மா அலுமாரிக்குள் இருந்து ஒரு பெட்டியை எடுத்தார். சுருள் முடியை நேராக்குகிற கிரீம். ஸ்டேசனடியில் இருந்த ஆபிரிக்கக் கடையில் வாங்கி, ஒரு கிழமையாகச் சேலைகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். அவசரத்தில் செய்த பிழை என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

அம்மாவுக்கு டொச் வாசிக்க வராது. வீட்டுக்கு வருகிற கடிதம், படிவம், பள்ளிக்கூடத் துண்டு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது நான்தான். பெட்டிக்குள் இருந்த துண்டையும் நானே வாசித்தேன். பூசுவதற்கு முன் தலையை இழுத்துச் சீவவோ சொறியவோ கூடாது என்று இருந்தது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது. எரிந்தால் உடனே கழுவ வேண்டும். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“வெள்ளையள் எல்லாத்தையும் பயந்து பயந்துதான் எழுதுவாங்கள்” என்றார் அம்மா.

முதலில் தேங்காய் எண்ணெய் வைத்தார். எந்தத் தலைக்கும், எந்த வருத்தத்துக்கும் எங்களிடம் இருக்கிற ஒரே மருந்து. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல், என்னுடைய நெருக்கப்பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுத்தார். சீப்பில் இரண்டு பல் முறிந்தது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மண்டையெல்லாம் கீறல். அந்தக் கீறல்களுக்கு மேலேதான் கிரீமைப் பூசினார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. “பெரியம்மா, எரியுது” என்றாள் தங்கை. “கொஞ்சம் பொறு, நாளைக்கு வீடியோவில நீதான் வடிவு” என்றார் அம்மா. அவள் என் பக்கம் திரும்பி, அம்மாவுக்கு விளங்காதபடி டொச்சில், அப்பாவுக்கு ரெலிபோன் எடு என்று கெஞ்சினாள். சித்தப்பாவின் கைத்தொலைபேசி இலக்கம் குசினிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நான் குளியலறை வாசல்வரை போனேன்.

“எங்க போறாய்? வந்து அவளின்ர கையைப் பிடி.”

வந்து பிடித்தேன். இரண்டு மணிக்கட்டையும் குளியல்தொட்டியின் விளிம்போடு சேர்த்துப் பிடித்தேன். கை வழுக்கியது, அதனால் இன்னும் இறுக்கினேன். இந்த முடிக்குப் பதினைந்து நிமிடம் காணாது என்று அம்மா அரை மணித்தியாலம் வைத்திருந்தார். அந்த அரை மணித்தியாலமும் அவள் என்னைக் கூப்பிட்டுக்கூப்பிட்டு அழுதாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, பயத்துக்கு அடியில் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. இனி இவளுக்கும் என்னுடையதைப் போல ஐந்து நிமிடத் தலைதான்.

கழுவியபோது முடி நேராகத்தான் வந்தது. “பாத்தியே, பட்டு மாதிரி” என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது அவருடைய கையோடு கழன்று வந்தது. தொட்டியில் தண்ணீர் போகிற ஓட்டையை முடி அடைத்துவிட்டது. வலது காதுக்கு மேலே என் உள்ளங்கை அளவுக்கு வெறும் தோல், உரித்தது போல, நீர் கசிந்துகொண்டு தெரிந்தது. தங்கை அழுகையை நிறுத்திவிட்டுத் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா துவாயால் அவளுடைய தலையை மூடினார்.

“பூ வைச்சால் மறைஞ்சிடும்” என்றார் பிறகு.

நாலு மணிபோலச் சித்தப்பா வந்தார். இரண்டு கையிலும் சோடினைப் பெட்டிகள். உள்ளே வந்து குதிக்காலால் கதவைச் சாத்தினார். தங்கை தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். சித்தப்பா பெட்டிகளைக் கீழே வைத்தார். எறியவில்லை, வைத்தார். துவாயை விலக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, எரிகிறது என்று இவள் சொன்னாளா என்று டொச்சில் கேட்டார்.

“இல்லை” என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லுக்காக எனக்கு என்மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அம்மா வாசலடியில் நின்று கத்தத் தொடங்கினார். பிழை செய்தவர் முந்திக்கொண்டு கத்துவது எங்கள் வீட்டில் வழக்கம். “நான் என்ன கொலையே செய்துபோட்டன்? என்ர சொந்தப் பிள்ளையெண்டு நினைச்சுத்தானே செய்தனான்! சபையில அவளைப் பாத்து ஆரும் சிரிக்கக்கூடாதெண்டுதானே!” சித்தப்பா வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அந்த நேரம் கீழ்மாடியில் ஒரு கதவு திறந்தது. வெள்ளைக்காரக் கிழவி ஒருவர் அரைவாசிப் படி ஏறி வந்து நின்றார். கையில் ரெலிபோன். சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்.

சித்தப்பா திறந்த வாயை மூடினார். இரண்டு கையையும் விரல்கள் தெரியும்படி விரித்துத் தொங்கவிட்டார். கிழவிக்கு மெல்லிய குரலில் வணக்கம் சொல்லிச் சிரித்தும் காட்டினார். பிறகு தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. ஆறு பிள்ளைகள்தான் தட்டம் தூக்கினார்கள். “ஆறெண்டால்தான் சோடிசோடியா வடிவு” என்று அம்மா வீடியோக்காரரிடம் சொன்னது கசெட்டில் கேட்கும். திங்கட்கிழமை சித்தப்பா தங்கையின் மிச்ச முடியையும் ஒட்ட வெட்டினார். சித்தி நாலு வருடம் எங்களோடு பேசவில்லை. காதுக்கு மேலே அந்த இடத்தில் இன்றுவரை முடி இல்லை. தங்கை இப்போது வளர்ந்த பெண், பின்னல்களை அந்தப் பக்கம் சாய்த்து விடுகிறாள். என்னோடு கதைப்பாள். அவளுடைய தலையைத் தொட என்னை விட்டதில்லை.

“சித்தப்பா ஏசினவரோ?” என்று அக்கா என்னை அன்று கேட்டார். “இல்லை, அவருக்குக் கோபமே வரேல்லை” என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன். அம்மாவின் கதையும் அங்கேதான் முடியும்: “அந்த மனுசன் ஒரு சொல்லுப் பேசேல்லை. நான் நல்லதுக்குத்தான் செய்தனானெண்டு அவருக்கே விளங்கியிருக்கு!” எல்லோரும் சிரிப்பார்கள்.

அழுத முகத்தோடு ஒரு பிள்ளை, கத்துகிற ஒரு பெண், நடுவில் ஒரு கறுப்பு ஆம்பிளை. பொலிஸ் வந்திருந்தால் என்ன நடந்தது என்று கேட்டிருக்காது, முதலில் அவரைச் சுவரோடு நிற்கச் சொல்லியிருக்கும். அது அவருக்குத் தெரியும். மகளுக்காகக் கத்துகிற உரிமைகூட அந்தப் படிக்கட்டில் அவருக்கு இருக்கவில்லை. இது எனக்கு விளங்கப் பத்து வருடம் சென்றது. விளங்கிய பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அதை அம்மாவிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அம்மா முதலில் செய்வது கதவைச் சாத்துவது. பிறகு யன்னல்களைச் சாத்துவார். வெள்ளைக்காரருக்குக் கேட்டால் மானம் போய்விடும். அப்பாவோடு பிடித்த சண்டை, அக்காவோடு பிடித்த சண்டை, எல்லாம் சாத்திய கதவுக்குப் பின்னால்தான். அன்றைக்குச் சித்தப்பா சாத்திய கதவை, அம்மா அவரைத் தாண்டிப் போய், தன் கையாலேயே அகலத் திறந்துவிட்டு, அதன்பிறகுதான் கத்தத் தொடங்கினார். கிரீம் மணம் வெளியே போகட்டும் என்று திறக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.