தலை குனிந்து கேட்டவர்கள்

பூங்காவின் நடுவே ஒரு கூண்டு இருந்தது. நகராட்சிக்காரர்கள் ரேடியோவை அதற்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். மாலையானால் காவலாள் வந்து குமிழைத் திருப்பிவிடுவார். சுற்றிலும் புல்லில் உட்கார்ந்தவர்கள் யாரும் கூண்டைப் பார்ப்பதில்லை. பெட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? தலையைக் குனிந்து, புல்லைக் கிள்ளிக்கொண்டே கேட்பார்கள். எங்கள் மைசூரில் காது கொடுப்பது என்றால் அப்படித்தான்.

அந்தப் பெட்டிக்குள் வாரம் ஒருமுறை கன்னடத்தில் பேசியவள் என் அத்தை. சிறு வயதிலேயே கணவரை இழந்தவள். சுதந்திரம் வந்த புதிது, அரிசிக்கு ரேஷன். கொடுத்த கோதுமையை என்ன செய்வது என்று வீடுகள் விழித்துக்கொண்டிருந்தன. அத்தை அதைத்தான் சொல்வாள். கடையில் எடை குறைந்தால் எப்படித் தட்டிக் கேட்பது என்பதையும் நைசாகச் சேர்த்துவிடுவாள். பேச்சு நேரத்தில் அவள் நிலையத்தில் இருப்பதால், ஊர் தன்னைக் கேட்கும் அழகை அவள் மட்டும் பார்த்ததே இல்லை.

தேர்தல் வந்தபோது, "அந்த ரேடியோ அம்மாவையே வேட்பாளராக நிறுத்தலாமே" என்று கட்சியில் சிலர் கிளப்பினார்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்த வக்கீல் ஒருவர் ஏற்கெனவே அந்த இடத்தில் கண் வைத்திருந்தார். "மாவு பிசையச் சொல்லித்தருகிறவள் சட்டசபையில் எதைப் பிசைவாள்?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். போட்டியிடுகிறவருக்கு மைக் கிடையாது என்றது நிலையம். அத்தை ரேடியோப் பேச்சை விட்டாள். இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படுகிறாளே என்று எனக்குப் பயம். அவளுக்கு வேறு பயம்.

"என் மூஞ்சி யாருக்கும் தெரியாதுடி. பார்த்தப்புறமும் ஜனங்கள் கேப்பாளா?"

வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்கள் கையுயர்த்தித் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. தேவராஜ மொஹல்லா பேட்டையில் ஒரு மண்டியின் மாடியில் கூட்டம்; நானும் அத்தையோடு போயிருந்தேன். வக்கீல் முழங்கினார். அத்தனை கண்ணும் அவர் மேல்தான், கைதட்டல் வேறு. பிறகு அத்தை எழுந்தாள். ஸ்டூடியோவில் பழகிய அதே தாழ்ந்த குரல். நாலு வாக்கியம் போயிருக்காது, முன்வரிசையில் ஒரு தலை கவிழ்ந்தது. அடுத்து பக்கத்துத் தலை. கொஞ்ச நேரத்தில் கூடமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைம்பெண் மேடையேறிவிட்டாள் என்று கூசுகிறார்களோ? எத்தனை மாலை அந்தப் புல்லில் உட்கார்ந்திருக்கிறேன்! அன்று பயத்தில் எனக்கும் அது தோன்றவில்லை. அத்தையும் அந்தத் தலைகளைப் பார்த்தாள். பாதியில் நிறுத்தி, "என் பெயரை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"எல்லாரும் தலையைக் குனிஞ்சுண்டுட்டா, பார்த்தியோ?" என்றாள் படியில்.

மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்கும் உறுப்பினர் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்தார். "யாக்கம்மா நில்லிசிபிட்ரி?" ஏன் நிறுத்தினீர்கள் என்று கோபித்துக்கொண்டார். பார்க்கில் கேட்கிறமாதிரி சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தோமே என்றார். அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மாடியில் வக்கீலுக்காகக் கைதட்டினார்கள்.

நிலையத்தில் அவள் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதன்பின் அவள் எங்குமே பேசவில்லை. நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

இப்போது தேர்தல் என்றால் டிவியில் முகம் முகமாக வந்து கத்துகிறார்கள். பூங்காக் கூண்டில் தோட்டக்காரரின் ரப்பர் குழாய் கிடக்கிறது. போன வாரம் அதன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தேன். நடக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்ன ஆன்ட்டி, குனிஞ்சு தேடறீங்க? ஏதாவது தொலைஞ்சுபோச்சா?"

"இல்லம்மா," என்றேன். "கேட்டுண்டிருக்கேன்."