போட்டாச்சு

பழைய காசநோயால் என் மனைவிக்கு ஒரு பக்கத்து நுரையீரல்தான் வேலை செய்யும். இடுப்பெலும்பு முறிந்து அவள் மருத்துவமனையில் கிடந்த குளிர்காலத்தில், இவளுக்குக் கிரிப் வந்தால் தாங்கமாட்டாள் என்றார் மருத்துவர். கிரிப் என்பது இங்கே வருடாவருடம் வரும் தொற்றுக் காய்ச்சல். அதனால் அறைக்குள் வருகிறவர்களை எண்ணத் தொடங்கினேன். முதல் நாள் காலை ஒன்பது பேர். ஒவ்வொருவரிடமும் பிரெஞ்சில் ஒரே கேள்வி: கிரிப்புக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? நான்கு பேர் ஆம் என்றார்கள். மூவர் சிரித்தார்கள். ஒருத்தி, அது தன் சொந்த விஷயம் என்றாள். நோயாளியின் மூக்குக்கு மேலே குனிந்து நின்றுகொண்டு சொந்த விஷயம்!

ஒன்பதாவது ஆள் எங்கள் தமிழ்ப் பெண், தாதி. ரூ காய் தெருவின் தமிழ்க் கடைகளில் கண்டிருக்கிறேன். அவளிடம் பிரெஞ்சு எதற்கு?

"பிள்ளை, ஊசி போட்டாச்சோ?"

"ஓம் ஐயா, அப்பவே போட்டாச்சு."

ஐந்தாவது ஆம். என் மனைவிக்கு வணக்கம் சொல்லும் பொன்ஜூருக்கு மேல் பிரெஞ்சு வராது. அந்தப் பெண்ணோடுதான் வாய் ஓயாமல் கதைத்தாள். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இருக்காது.

பிறகு அந்தப் பெண் இருமினாள். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. அந்த வாரமே மனைவிக்குக் கிரிப் என்றார்கள். மூக்கில் ஒட்சிசன் குழாய்.

அந்தப் பெண் முகமூடியோடு திரும்பி வந்தபோது அறை வாசலை மறித்தேன்.

"ஊசி போட்டாச்சு எண்டு ஏன் பொய் சொன்னீர்?"

"நான் எங்கை பொய் சொன்னனான்? ரத்தம் கட்டாமல் இருக்க அம்மாவுக்கு வயித்திலை போடுற ஊசியை எல்லோ கேட்டனீங்கள்? அதைப் போட்டிட்டுத்தான் சொன்னனான்."

"உமக்குப் போட்டதோ எண்டெல்லோ கேட்டனான்."

"அப்ப அப்பிடிக் கேட்டிருக்க வேணும். பன்றிக்காய்ச்சல் வந்த வருசம் போட்டு எனக்குக் கை வீங்கினது. பிறகு போடேல்லை. இஞ்சை ஒருதரும் கட்டாயப்படுத்தேலாது."

"இவளுக்குக் காய்ச்சல் குடுக்க மட்டும் ஏலும்."

"என்னட்டையிருந்துதான் வந்தது எண்டு ஆர் சொன்னது? எத்தினை பேர் வந்து போகினம்."

"ஒன்பது பேர்."

பிரெஞ்சில் என்றால் 'நான்' என்று சொல்லாமல் அவள் தப்பியிருக்க முடியாது. தமிழில் போட்டாச்சு என்பதற்கு ஆளே தேவையில்லை. ஆனாலும் இருமிக்கொண்டு வந்து படுக்கையில் குனிந்தவளுக்கு இலக்கணம் சாட்டாகாது. தலைமைத் தாதியிடம் சொல்லி அவளை அந்த அறைக்கு வரவிடாமல் செய்தேன்.

குழாயைக் கழற்றிய அன்று மனைவி முதலில் கேட்டது: "அந்தப் பிள்ளை எங்கை?"

"வராது. நான்தான் மறிச்சனான்."

"அப்ப நீங்களும் வராதேங்கோ."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போனேன், தினமும் போனேன். மருத்துவமனை ஆட்கள் இப்போது எட்டுப் பேர். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னோடு அவள் கதைக்கவில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.