ஸ்டியரிங்கில் இருந்த படகு எண்ணெய்

2025 ஜூன் 23. அன்றோடு சித்ரலேகாவின் காருக்குப் பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகச் சோதனையில் தேற வேண்டும். 19ஆம் தேதி, வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தேறாவிட்டால் சாலையில் இறக்க முடியாது. இருபத்தைந்து வருடப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. ஸ்டியரிங் பாகம் திருநெல்வேலியில் மட்டுமல்ல, சென்னையிலும் கிடைப்பதில்லை. அது போனால் அப்புறம் பழைய இரும்புக் கடைதான்.

சித்ரலேகாவுக்கு வயது நாற்பத்தொன்பது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளர். வகுப்பு எடுப்பதில்லை என்றாலும் ஊரில் எல்லோருக்கும் டீச்சர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், தூத்துக்குடியில் எட்வின் என்ற கப்பல் எஞ்சினியரிடம் இந்த இரண்டு சீட்டு வண்டியை வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அக்கா கேட்டாள்: "இதுல யாரை ஏத்திட்டுப் போகப் போற?"

"என்னையும் என் சோத்து டப்பாவையும்."

மே மாதத்திலிருந்து ஸ்டியரிங் கனத்தது. காலையில் கிளப்பித் திருப்பினால், வயிறு சரியில்லாத ஆளைப் போல் முனகியது. வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் வளைக்க இரண்டு கையும் போதவில்லை. சோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது மேலப்பாளையத்தில் முகம்மது இப்ராஹிமின் பட்டறைக்கு ஓட்டிப் போனாள்.

இப்ராஹிம் ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவைத் திறந்து ஒரு விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். கறுப்புக் காப்பி போல் இருந்தது.

"செத்துப் போச்சு டீச்சர். சிவப்பு ஆயில் ஊத்திருவோம்."

"இந்த வண்டிக்கு அதுதான்னு எப்படித் தெரியும் பாய்?"

"எல்லா வண்டிக்கும் அதான்."

"எங்க பிரின்சிபால் வண்டிக்கும் இப்படித்தான் யாரோ ஊத்துனாவ. ஒரே மாசத்துல ரப்பர் சீல் ஊதிப் போச்சு."

"அது நான் ஊத்துனது இல்ல."

"யாரு ஊத்துனாலும் ஆயில் ஆயில்தானே?"

இப்ராஹிம் சிரித்தார். டப்பா மூடியில் எழுத்து இருந்த இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதில் எதையும் படிக்க முடியவில்லை.

வண்டியோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழி. அன்று இரவு சித்ரலேகா அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஸ்டியரிங் படம் போட்ட பக்கத்தில், கோழி கிளறிய மணல் மாதிரியான எழுத்துகளுக்கு நடுவே மூன்று ஆங்கில எழுத்து இருந்தது: ஏ.டி.எஃப். கியர் பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய்க்கு அதுதான் பெயர். இப்ராஹிம் சொன்னதே சரி. அப்படியென்றால் உள்ளே கிடக்கும் கறுப்பு என்ன? பன்னிரண்டு வருடமாக ஸ்டியரிங் தொல்லை கொடுக்கவும் இல்லை, அவள் டப்பாவைத் திறந்து பார்க்கவும் இல்லை. எட்வினைப் போனில் அழைத்தாள்.

"சிவப்பா? இல்லம்மா, நான் ஊத்துனது போட்டு ஆயில்லா."

"என்ன ஆயில் அண்ணாச்சி?"

"தம்பி விசைப்படகு வச்சிருக்காம்லா, அதோட ஸ்டியரிங்குக்கு ஊத்துறது. நல்ல கெட்டி ஆயில். நடுக்கடல்ல அலைக்குள்ள நிக்கிற போட்டுக்கே அது போதும். உன் வண்டி மார்க்கெட்டுக்கும் டவுனுக்கும்தானே ஓடுது?"

"இது போட்டு இல்லையே அண்ணாச்சி."

"ரெண்டுக்கும் ஸ்டியரிங் இருக்கா இல்லையா?"

கடல்காரரிடம் அதற்கு மேல் வாதாடாமல் போனை வைத்தாள்.

எண்ணெய் எதுவென்று தெரிந்துவிட்டது. ஆனால் மாற்றலாமா என்பது வேறு கேள்வி. அத்தனை வருடம் கெட்டி எண்ணெயில் ஊறிய சீல்கள் மெல்லிய எண்ணெயைத் தாங்குமா? ஒழுகினால் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்த உடனே திருப்பி அனுப்பிவிடுவார். சித்ரலேகா இப்ராஹிமிடம் இரண்டு பழைய சீல் வளையங்கள் வாங்கிப் போனாள். ஆய்வகத்தில் ஒன்றைக் கறுப்பு எண்ணெயிலும் மற்றதைச் சிவப்பிலும் போட்டாள். மூன்றாவது குழாயில் இரண்டு எண்ணெயையும் கலந்து வைத்தாள். நான்காம் நாள் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தபோது வளையங்கள் ஊதவில்லை, சுருங்கவும் இல்லை. கலந்த எண்ணெய் திரியவில்லை.

"நான் மொத நாளே சொன்னதைக் கண்டுபிடிக்க ஒரு வாரமா?" என்றார் இப்ராஹிம்.

"நீங்க எல்லா வண்டிக்கும் அதைத்தானே சொல்லுதிய பாய்."

செவ்வாய் மாலை வேலை தொடங்கியது. முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். எண்ணெய் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, டப்பாவில் அந்தத் துளையை அடைத்தார்கள். எஞ்சினைக் கிளப்பாமல் இப்ராஹிம் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பைய திருப்பினார். டப்பா வற்றாமல் சித்ரலேகா மேலே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வத்த விட்டுறாதிய டீச்சர். காத்து ஏறுனா பம்பு கத்தும்."

"நீங்க வேகமாத் திருப்பாதிய."

கறுப்பு வந்தது, பிறகு செங்கல் தண்ணீர் மாதிரி, மூன்றாவது லிட்டரில் நல்ல சிவப்பு. குழாயை மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, குமிழி அடங்கும்வரை திருப்பினார்கள். முனகல் நின்றது. வீட்டுக்குப் போகையில் ரவுண்டானாவை ஒரே கையால் வளைத்தாள்.

புதன் காலை, வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாளில் ஐந்து ரூபாய்க் காசு அளவு சிவப்புக் கறை.

பட்டறைக்கு ஓட்டிப் போனதும் இப்ராஹிம் வழி சொன்னார்: "பழசையே ஊத்திருவோம். கெட்டியா இருக்கும், ஒழுகாது. சோதனை முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்."

சித்ரலேகா சிறிது யோசித்தாள். கறுப்பை ஊற்றினால் நாளைக்கு ஒருவேளை தேறலாம். ஆனால் முனகும் ஸ்டியரிங்கையும் இன்ஸ்பெக்டர் பிடிப்பார். அதோடு, எங்கே ஒழுகுகிறது என்பது கடைசிவரை தெரியாமல் போகும்.

"எங்கன ஒழுகுதுன்னு முதல்ல பாப்போம்" என்றாள்.

அரை நாள் விடுப்பு போட்டாள். கல்லூரியிலிருந்து சாக்பீஸ் பொடி கொண்டுவந்தாள். எண்ணெய் போகும் வழி முழுக்கத் துணியால் துடைத்து, பொடியைத் தூவி, எஞ்சினை ஓட விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னாள். கீழே சீல் இருக்கும் பக்கம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. மேலே, எண்ணெய் திரும்பி வரும் குழாய் டப்பாவில் சேரும் இடத்தில், பொடியில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல இறங்கியது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். இப்ராஹிம் தலைக் குல்லாவைச் சரிசெய்தார்.

"குழாயை இறுக்குற கிளிப்பு நாந்தான் மாட்டுனேன். பழைய கிளிப்பு."

"புதுசு இருக்கா?"

"ஒரு பெட்டி நெறைய இருக்கு டீச்சர். கைக்கு எட்டுனதை மாட்டிட்டேன்."

புதுக் கிளிப் மாட்ட நான்கு நிமிடம் ஆனது. அன்று ராத்திரி விரித்த செய்தித்தாள் காலையில் விரித்தபடியே சுத்தமாக இருந்தது.

வியாழக்கிழமை வரிசையில் மூன்றாவது வண்டி. பிரேக் இன்ஸ்பெக்டர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் முழுக்கத் திருப்பினார். இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். விளக்குகளைப் போடச் சொன்னார்.

"யம்மா, இந்த வண்டியில கட்டைப்பை வைக்க இடம் எங்கம்மா இருக்கு?"

"பக்கத்து சீட்டுல சார்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

பதிவு 2030 ஜூன் 23 வரை செல்லும். ஸ்டியரிங் பெட்டியின் மூலையில் கறுப்பு எண்ணெய் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும். டிசம்பர் விடுமுறையில் சிவப்பு எண்ணெயை ஒருமுறை மாற்ற வேண்டும். கிளிப் இரண்டை அவள் இப்போதே வாங்கி வைத்துவிட்டாள்.