அறுபதும் பத்தும்

பனி அள்ளும் வண்டி விட்டுப்போன எரிந்த எண்ணெய் மணம், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் மொன்ட்ரியால்-நோர் கராஜுக்கு என்னை இழுத்துப்போனது. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் பழைய லொறி எஞ்சினை அப்பா அங்கே பந்தயத்துக்காகப் பூட்ட, ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்கவேண்டும் என்று அம்மா பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். பிரெஞ்சில் எழுபது என்பது 'சுவாசாந்த்-டிஸ்', அறுபதும் பத்தும். முன்பொருமுறை வேறோர் எஞ்சினைப் பூட்டும்போது அம்மா நடுவில் மூச்செடுக்க, அப்பா அறுபதோடு நிறுத்திவிட்டார். ஓடத் தொடங்கியதும் கசிவை அடைக்கும் கேஸ்கெட் வெடித்து அந்த எஞ்சினே பாழாய்ப்போனது. மிஞ்சியது இந்த லொறி எஞ்சின் ஒன்றுதான்.

"சுவாசாந்த்..." என்பார் அம்மா.

அப்பாவின் கை ஸ்பானரோடு உறைந்து நிற்கும்.

"முழுசாச் சொல்லுமப்பா!" என்று அம்மாவிடம் கத்துவார்.

"...டிஸ்."

இன்றும் யாராவது "சுவாசாந்த்" என்று இழுத்தால், பத்து வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.