மூன்று நிமிட மன்னிப்பு

போன வாரம் அமெரிக்காவிலிருந்து என் மச்சினி ஜோதி ஒரு ஈ-மெயில் அனுப்பியிருந்தாள். "மாமா, அக்கா எதுக்கு இத்தன அவசரமா மன்னிப்பு கேக்குறா? கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாயிருச்சா?"

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் மன்னிப்பு மனைவியுடையது. அவசரம்... என்னுடையது!

விஷயம் இதுதான். போன வருஷம் லீவில் வந்த ஜோதி, பிறந்த ஊரான கொள்ளேகாலில் பட்டுப்புடவை எடுத்து அக்காவுக்குக் கொடுத்தாள். என் மனைவி அதை அப்படியே என் அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் விடுவாளா தங்கை? ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மனைவிக்கோ, உள்ளுக்குள் ஒரே அரிப்பு. போன் பண்ணப் பயம்.

"குரலைப் பதிவு பண்ணி ஈ-மெயிலில் அனுப்பலாமே!" என்றேன். விஜயநகரில் எங்கள் தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் என்னுடையது. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

மைக்கில் மூன்று நிமிடம் பேசினாள். WAV ஃபைலாக முப்பது எம்.பி. ஜோதியின் மெயில்பாக்ஸ் தாங்காது. MP3 ஆக்கினால் ஒன்றரை எம்.பி. தாங்கும், ஆனால் என் மோடத்தில் யார் காத்திருப்பது? பேச்சுக்கென்றே இன்னொரு ஃபார்மட் இருந்தது. துளியூண்டு சைஸ். கூடவே ஒரு சின்னக் கட்டம் — 'மௌனத்தை நீக்கு'. டிக் அடித்தேன். மூன்று நிமிடம் ஒன்றேகால் நிமிடமானது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஜோதியின் ஈ-மெயிலைப் படித்ததும், நான் அனுப்பியதைப் போட்டுக் கேட்டோம். "ஜோதிஅக்காபேசுறேன்அந்தப்பொடவைதப்புஎம்பேர்லதான்மனசுலவெச்சுக்காத..."

"ஏனுங்க, நானா இப்படிப் பேசுனேன்? நடுவுல நடுவுல நிறுத்துனனே, அதெல்லாம் எங்கீங்க?"

"அது சும்மா சைலன்ஸ்மா. வேஸ்ட்டுன்னு எடுத்துட்டேன்."

"வேஸ்ட்டுங்களா? அழுகாச்சி வராம அடக்கிக்கிட்டு இருந்தனுங்க!"

வெட்கமாக இருந்தது. சைஸைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிறோமே, அடுத்தவர் பேச்சில் எது வேஸ்ட் என்று முடிவு பண்ண நாம் யார்?

நல்லவேளை, மூல ஃபைலை அழிக்கவில்லை. மௌனத்தைத் தொடாமல் MP3 ஆக்கி அனுப்பினேன். லைன் மூன்று தடவை அறுந்தது. ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. மனைவி காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறு காலை போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா..." என்றாள் ஜோதி. "ஜோதி..." என்றாள் இவள். அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. ஒரு முழு நிமிடம், ஐ.எஸ்.டி.யில்! அப்புறம் ஜோதி, "சரி, உன்ற நாத்தனாருக்கு அந்தப் பொடவை நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்க, இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெடித்துச் சிரித்தாள்.

நல்லவேளை, டெலிபோன்காரர்களிடம் அந்தச் சின்னக் கட்டம் இல்லை!